மகள் வந்து தூங்கிய பகல்

நண்டின் கொடுக்கை மடக்கி ஒரே சுற்றில் கட்டிவிடுவாள் என்பதால் துறைமுகத்தில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். கட்டிய நண்டு உயிரோடு கடல் தாண்டிப் போய்ச் சேர வேண்டும்.

விமானம் வருவதற்கு முன்பு அப்படியொரு பேச்சே கிடையாது. சாயங்காலத்துக்குள் விற்காத நண்டைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். தினமும் ஒரு விமானம் என்று ஆனதும் ஊருக்கே றெக்கை முளைத்தது. குளிர்க்கிடங்குகள் வந்தன. ஏற்றுமதிக் கம்பெனிகள் வந்தன. அவற்றோடு வியாபாரம் பேச வந்தவர்கள் தங்குவதற்கு, மீன் உலர்த்திய மணலில் நீச்சல்குளத்தோடு ஓட்டல் எழும்பியது. தள்ளுவண்டியில் மீன் விற்ற அவள் புருஷன், நண்டுப் பெட்டிகளை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போகும் வேன் டிரைவர் ஆனான். ஒண்டுக்குடித்தனம் போய்ச் சொந்த வீடு வந்தது. மகள் படித்து, அதே விமானக் கம்பெனியில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, வெளிநாட்டுக்கே குடிபோனாள்.

போனவள் போனவள்தான். எந்தெந்த ஊருக்கோ பறந்தாள். பிறந்த ஊருக்கு மட்டும் டியூட்டி விழவில்லை. லீவு கிடைத்தபோது சீட் கிடைக்கவில்லை. இந்த ஊருக்கு வரும் விமானம் எப்போதும் நிறைந்தே வந்தது. போனில் முகம் பார்த்துப் பார்த்து முடிச்சக்காவுக்குக் கண் பூத்துப்போனது.

ஒரு நாள் மகள் கூப்பிட்டாள். "அம்மா, ஒருவழியா நம்ம ஊருக்கு டியூட்டி விழுந்திருக்கு. செவ்வாய்க்கிழமை காலையில வர்றேன். சாயங்கால ஃப்ளைட்லயே திரும்பணும்."

முடிச்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்கு லீவு சொன்னாள். சமைத்ததில் பாதியை வைக்கப் பாத்திரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை சீருடையோடு உள்ளே வந்த மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டே நிமிஷம்மா" என்று சோபாவில் காலை நீட்டினாள். அப்படியே தூங்கிப்போனாள்.

முடிச்சக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குதிகாலில் செருப்பு கடித்த புண்ணுக்குப் பிளாஸ்டர். மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு. இதெல்லாம் போனில் தெரியவேயில்லை.

"எழுப்புடி. என்னவெல்லாமோ பேசணும்னியே?" என்றான் புருஷன்.

"ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வந்திருக்கா. தூங்கட்டும்."

"சோறு ஆறுது."

"இன்னொரு வார்த்தை பேசினா உங்க வாய்க்கும் ஒரு முடிச்சு போட்டுடுவேன்."

பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரை வாசலிலேயே சைகை காட்டித் திருப்பி அனுப்பினாள். புருஷன் கிளம்பிப் போய் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினான். அந்தச் சத்தத்தில்தான் மகள் விழித்தாள்.

"ஏம்மா எழுப்பல?" என்று அழுதேவிட்டாள்.

நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். வேறு வண்டி பிடிக்க நேரமில்லை. வேனின் முன்சீட்டில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"இந்த ஊருக்கே டியூட்டி கேட்டு வாங்கக் கூடாதா?"

"மாசா மாசம் கேக்கறேன்மா. எல்லாரும் இந்த ஊரைத்தான் கேக்கறாங்க. டியூட்டில வர்றவங்களைத் தங்க வைக்கிற ஓட்டல் அவ்வளவு நல்லாருக்காம், ஜன்னலைத் திறந்தா கடலாம். சீனியருங்க எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு."

முடிச்சக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"ஊரு பெருசானா பெத்தவளும் க்யூவுல நிக்கணும் போல" என்றான் புருஷன்.

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். விமான நிலையத்துக்காகவே போட்ட புதுச் சாலையில் வேன் வழுக்கிக்கொண்டு போனது. பழையபடி குண்டும் குழியுமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும்.

அடுத்த மாதம் டியூட்டி விழவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. முடிச்சக்கா புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று போனில் சொன்னாள்:

"இனிமே நான் வர்றேன்டி."

"அம்மா, வந்தாலும் நான் பாதி நேரம் தூங்கிட்டுத்தான் இருப்பேன்."

"தூங்கேன். நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."