திருப்பிப் போட்ட ஜெக்கெட்

தேவிஸ்ரீயிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு "முடியுமா?" என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். பாயா ரும்புட் ஊரில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ செய்பவள். பழைய போட்டோவை ஏஐயிடம் கொடுத்து, அதிலிருப்பவரைச் சித்திரமாக்கி நடக்கவும் சிரிக்கவும் வைப்பதில் மகா கெட்டிக்காரி. அதனால்தான் தோழி ரேச்சல், போன வருஷம் இறந்துபோன தன் அப்பா கொர்னேலியஸைத் தன் கல்யாண விருந்தில் திரைக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

முதல் படம் ஜோராகத்தான் வந்தது. மேகம், பொன் வெளிச்சம், வெள்ளைக் கோட்டு, கை விரித்த அப்பா. மெர்லிமாவ் ஊரிலிருக்கும் தங்கள் வீட்டில் அதைப் பார்த்த ரேச்சலின் அம்மா பாட்ரீசியா முகத்தைச் சுளித்தார்.

"யாரும்மா இந்த ஆளு? எங்க வீட்டுக்காரரு இப்படிப் பல்லக் காட்டி நான் பாத்ததே இல்ல. ஹால்ல இதப் போட்டா நான் எழுந்து போயிருவேன், சொல்லிட்டேன்."

"வேணாம் லா, விட்டுரு தேவி," என்றாள் ரேச்சல். பெற்ற தாயே எழுந்து போன கல்யாணம் என்று ஊர் பேசுமே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விடுவாளா தேவிஸ்ரீ? "இன்னொண்ணு செய்றேன் ஆன்ட்டி. ஹால்ல அங்கிளு மாதிரி தெரியலேன்னா நானே நிப்பாட்டிர்றேன்." பிறகு ரேச்சலிடம் திரும்பினாள். "மேகத்தப் போட்டது என் தப்புடி. அப்பாவ நீ எங்க அதிகமா பாத்த, அதச் சொல்லு."

பத்து பெரண்டாம் ஊரில், ரேச்சல் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில்தான். ரேச்சல் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிளில் காத்திருப்பார். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க, இங்கே எல்லாரும் செய்வதுபோல ஜெக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருப்பார். மகளைப் பார்த்ததும் அதன் கையாலேயே பின்சீட்டைத் துடைப்பார். பேச்சே கிடையாது.

ஏஐக்கு அது புரிந்தால்தானே! ஜெக்கெட்டைத் திருப்பச் சொன்னால் ஜிப்பை மறுபடி முன்னால் கொண்டுவந்தது. இன்னொரு முறை மனுஷனின் தலையையே முதுகுப் பக்கம் திருப்பிவைத்தது.

"அடப் பாவி, எந்த ஊர்லடா நீ மோட்டரு ஓட்டுன?" என்று திட்டிவிட்டு, தேவிஸ்ரீ தானே ஒரு ஜெக்கெட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டாள். தன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, பின்சீட்டைத் துடைத்து, அதைப் போனில் படமெடுத்தாள். அந்த அசைவின் மேல் ஏஐயைக் கொண்டு கொர்னேலியஸை வரையச் செய்தாள். இந்த முறை மனுஷர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

விருந்தன்று ரேச்சல் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கொர்னேலியஸ் திரும்பிப் பின்சீட்டைத் துடைத்தார். நிமிர்ந்து, யாரோ வருவதற்காக வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

பாட்ரீசியா கையை உதறிக்கொண்டு எழுந்தார். படத்தை நிறுத்த தேவிஸ்ரீயின் விரல் கணினிக்குப் போனது. ஆனால் பாட்ரீசியா வாசல் பக்கம் போகவில்லை. நேராகத் திரைக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னிக்குமா இத மாட்டிக்கிட்டு வந்தீங்க? மக கல்யாணத்துக்கு? நல்ல கோட்டு பீரோல தொங்குதுல்ல!"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து ஓவென்று அழுதார். ரேச்சல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"நிப்பாட்டிறாத தேவி," என்றார் பாட்ரீசியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பத்தான வந்திருக்காரு."