வாயைத் தைத்த கச்சேரி

"பதிவு நடக்கிறது, அமைதி காக்கவும்" என்று அரங்க வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததுமே பாடகி வெல்டோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில், கறுப்பின மக்களின் சோல் பாட்டுக் கேட்க வருகிறவர்களை வாயைப் பொத்தச் சொல்ல ஒருத்தனுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. விருந்துக்கு அழைத்துவிட்டு, இலையைத் தொடாதே என்பது மாதிரி.

லூஷியஸுக்காகத்தான் பொறுத்துக்கொண்டாள். இளவயதிலிருந்தே அவள் பாட்டுக்கு ஆர்கன் வாசிக்கிறவன். இப்போது விரல்கள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு வருகின்றன. டாக்டரும் கையை விரித்துவிட்டார். "நாம சேந்து வாசிச்சது ஒண்ணாவது நிக்கணும் வெல்" என்று கேட்டிருந்தான். மூத்த கலைஞர்களை ஒன்றாக மேடையேற்றி, அதைப் பதிந்து பாதுகாக்கிறோம் என்று ஓர் அறக்கட்டளை பணத்தோடு வந்தது. பணம் அவர்களுடையது என்பதால் சட்டமும் அவர்களுடையதாகிவிட்டது.

மேடையேறி முதல் அடியைப் பாடி நிறுத்தினாள். அந்த இடத்தில் கூட்டம் "சொல்லு தாயி" என்று குரல் கொடுக்கும். அந்தக் குரல் எழுந்த பிறகுதான் லூஷியஸின் கை இறங்கும். சின்ன வயதில் சர்ச்சில் பழகியது. இன்றைக்குக் கூட்டம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லூஷியஸின் கை ஆர்கன் கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றது. மறுபடி பாடினாள். மறுபடியும் நின்றது.

அறக்கட்டளை அதிகாரி விட்டேக்கர் மேடைக்கு வந்தான். குரலில் தேன் வழிந்தது.

"பரவாயில்ல ஐயா. வயசானா மறதி வரத்தான் செய்யும். முடிஞ்சத வாசிங்க. மிச்சத்த வேற ஆள வெச்சு அப்புறமா சேத்துக்கலாம்."

லூஷியஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஐம்பது வருஷத்தில் அவன் மேடையில் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது.

"மறதியா? ஊர் வாயத் தெச்சுட்டு அவன மறதிக்காரன்ங்கிறியா? அவன் என்கூட மட்டும் வாசிக்கலய்யா. இதோ உக்காந்திருக்காங்களே, இவங்ககூடயும் சேந்துதான் வாசிக்கிறான். இவங்கள வெட்டிட்டு எதப் பாதுகாக்கப் போற?"

"சத்தம் வந்தா பதிவ நிறுத்திடுவோம்மா. நிதியும் அதோட சரி. ஒப்பந்தத்துல இருக்கு."

வெல்டோரா லூஷியஸ் பக்கம் திரும்பினாள். "என்னய்யா சொல்ற?"

"பாடு" என்றான் லூஷியஸ். "கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காரவா வந்தேன்?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "என்ன, எல்லாரும் செத்தா போயிட்டீங்க? உங்க ஆத்தா உங்கள இப்படியா வளத்தா?"

முன்வரிசையில் பெரிய தொப்பி வைத்த ஒருத்தி கையை உயர்த்தினாள். "நீ பாடுடி, நாங்க இருக்கோம்."

பாடினாள். அரங்கமே எழுந்து பதில் சொன்னது. லூஷியஸின் கை இறங்கியது. இறுகிய விரல்களை விட்டுவிட்டு, உள்ளங்கையால், மணிக்கட்டால், முழங்கையால்கூட வாசித்தான். அவள் வாழ்நாளில் அவன் அப்படி வாசித்துக் கேட்டதில்லை.

முடிந்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது. பதிவுக் கருவி அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு முதல் கூச்சலிலேயே அணைந்துவிட்டதை வெல்டோரா பார்த்திருந்தாள். விட்டேக்கர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பதிஞ்சுதா வெல்?" என்றான் லூஷியஸ், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு.

அந்தக் கம்பியாலேயே விட்டேக்கரை விளாச வேண்டும் போலிருந்தது. ஐம்பது வருஷமாக லூஷியஸிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அதையும் சொல்ல வைத்துவிட்டான் பாவி.

"பதிஞ்சுது" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.