பதினேழாவது கருதுகோள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன், என் ஆய்வேட்டுக்காக இருபத்தெட்டு மாணவர்களின் மதிப்பெண்களைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே எழுதினேன். தேர்வு எதுவும் நடக்கவில்லை. ஒப்புக்கொண்டாயிற்று. இனி நீங்கள் என்னை நம்பலாம்.

(இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள்.)

எங்கள் ருமேனியாவில் ஓர் ஆசிரியர் முதல்நிலைத் தகுதி பெற, தன் வகுப்பிலேயே ஓர் ஆய்வு செய்து, ஏடாக எழுதி, குழுவின் முன் விளக்க வேண்டும். இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்கிறீர்கள். ஒன்றில் புது முறையில் பாடம் நடத்துகிறீர்கள். அது சோதனை வகுப்பு. மற்றதில் பழையபடி; அது ஒப்பீட்டு வகுப்பு. தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. எது அதிகம் ஏறியது? அவ்வளவுதான். ஒரு தராசைப் போல எளிமையான, அழகான ஏற்பாடு. இயற்பியல் ஆசிரியனான எனக்கு அதன் மேல் இன்றும் காதல் உண்டு.

எங்கள் பள்ளியில் அந்தத் தராசு ஒரே பக்கம்தான் சாய்ந்தது. தலைமையாசிரியர் அறை அலமாரியில் பதினாறு ஆய்வேடுகள். பதினாறிலும் கடைசிப் பக்கத்தில் "கருதுகோள் உறுதிப்பட்டது." ஏழாவது என்னுடையது.

2

"கணக்கு ஆசிரியை லுக்ரேட்சியா மழையில் நனைந்தபடி..." (வேண்டாம். அன்று வெயில்.)

"லுக்ரேட்சியா ஒரு புரட்சிக்காரி..." (இதுவும் வேண்டாம். படித்தால் சிரிப்பாள்.)

இப்படித் தொடங்குகிறேன். ஆசிரியர் அறையில் லுக்ரேட்சியா ஒரு நாணயத்தைக் கட்டைவிரலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"எது சோதனை வகுப்புன்னு சுண்டிப் பாக்கறேன்."

"ஆறாங்கிளாஸ் 'ஏ' பிரிவுதான கெட்டிக்காரப் புள்ளைங்க? அதையே வெச்சுக்கோ. எல்லாரும் அப்படித்தான பண்றோம்."

"ஜெயிக்கிற குதிரைய முன்னாடியே முடிவு பண்ணிட்டு எதுக்குடா ஹொரியா பந்தயம்?"

சுண்டினாள். ஆறு ஏதான் விழுந்தது. என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். நாற்பத்து நான்கு வயது அவளுக்கு.

அவளுடைய புது முறை இது. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் பின்னக் கணக்கில் தான் செய்த ஒரு தப்பைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்து, ஏன் அது தப்பு என்று விளக்க வேண்டும்.

3

முடிவு, பத்துக்குச் சராசரி மதிப்பெண்: ஆறு ஏ 6.8இலிருந்து 6.9. பழைய முறையில் படித்த ஆறு பி 5.9இலிருந்து 7.4.

பள்ளியில் எல்லாருக்கும் வரைபடம் போட்டுத் தருபவன் நான் என்பதால் என்னிடம் ஓடிவந்தாள்.

"தோத்துட்டேன்டா!" கண் இரண்டும் மின்னின. "ஏன்னு கேளு. பிள்ளைங்ககிட்ட ஒவ்வொருத்தரா உக்காந்து கேட்டேன். கடைசியில தச்சியானாதான் வாயத் தொறந்தா. 'டீச்சர், நிஜத் தப்பச் சொன்னா சிரிப்பாங்க. அதனால தெரிஞ்ச கணக்குல வேணும்னே ஒரு சின்னத் தப்புப் பண்ணி எடுத்துட்டு வருவோம்.' மொத்த வகுப்பும் அப்படியாம்! நிஜத் தப்பெல்லாம் நோட்டுக்குள்ள பத்திரமா இருக்கு. பதினாறு வாரம் எனக்கு நாடகம் போட்டிருக்காங்க."

"இதுக்கா சிரிக்கிற?"

"இதுதான்டா கண்டுபிடிப்பு. தப்புக்குச் சிரிக்காத வகுப்பு மொதல்ல வேணும். அப்புறம்தான் எந்த முறையும்."

இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினாள்.

(பக்கக் குறிப்பு: அந்த நாற்பது பக்கத்தையும் முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். அலமாரியிலிருக்கும் பதினாறையும் அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது.)

4

தலைமையாசிரியர் பாம்பிலியு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டீச்சர், கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிட்டுட்டு, பந்தியில வந்து மாப்பிள்ளை வரலன்னு சொல்வீங்களா?"

"வரலன்னா வரலன்னுதான சார் சொல்லணும்?"

ஆசிரியர் அறையே சிரித்தது. குழு வருவதற்கு முந்தின நாள் பாம்பிலியு என் கணினி முன் உட்கார்ந்து, அட்டவணையின் இரண்டு தலைப்புகளையும் இடம் மாற்றினார். 'சோதனை' இருந்த இடத்தில் 'ஒப்பீடு', 'ஒப்பீடு' இருந்த இடத்தில் 'சோதனை'. எண் ஒன்றையும் தொடவில்லை. வரைபடத்துக்கு வகுப்பு தெரியாது, பிள்ளைகள் தெரியாது. மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பிப் பட்டையை உயர்த்தும்.

5

முடிவு ஒன்று: லுக்ரேட்சியா திரையைப் பார்த்தவுடன் மேசையைத் தட்டி... (இல்லை.)

முடிவு இரண்டு: மௌனமாகத் தலையாட்டிப் பத்துக்குப் பத்து வாங்கி... (இதுவும் இல்லை. அவளை நான் அவ்வளவு குறைவாக எடைபோடக் கூடாது.)

நடந்தது இது. பக்கத்து அறையில் குழுவுக்காக, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைக்கும் சர்மாலே பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதன் வாசம் கதவிடுக்கில் வந்தது. திரையில் படம் விழுந்தது. அவள் பார்த்தாள்.

"ஐயா, இந்தப் படம் தலைகீழா இருக்கு. என் கருதுகோள் தோத்துப் போச்சு. ஏன்னு நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்."

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர் ஸ்டெர்ப்பு கனிவாகச் சிரித்தார். "பதட்டம். எல்லாருக்கும் வர்றதுதான். படம் தெளிவா இருக்கே மேடம், சோதனை வகுப்பு ஒன்றரை புள்ளி ஏறியிருக்கு! தண்ணி குடிங்க."

"இல்ல ஐயா, பக்கம் அறுபத்தொண்ணப் பாருங்க..."

"பாக்கறேன், பாக்கறேன். பாம்பிலியு சார், இது சர்மாலே வாசம்தான?"

பத்து கொடுத்தார்கள். குறிப்பேட்டில் "கருதுகோள் உறுதிப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அலமாரியில் இப்போது பதினேழு.

6

நான்காம் பகுதிக்குத் திரும்ப வேண்டும். பாம்பிலியுவுக்கு அட்டவணையைத் திறக்கவே தெரியாது. நகைச்சுவை சொன்னார், சிரித்தார், வீட்டுக்குப் போய்விட்டார். தலைப்புகளை மாற்றியவன் நான். யாரும் மாற்றச் சொல்லவில்லை. அவளுடைய தராசு மட்டும் நேராக நின்றால், அலமாரியிலிருக்கும் மற்ற ஏடுகளையும் யாராவது எடுத்துப் பார்ப்பார்களே என்ற பயம். அதற்கு மேல் பொறாமை.

அந்தச் சமையலறை மேசைக் கதை நான் உங்களுக்காகக் கரும்பலகைக்குக் கொண்டுவந்த சின்னத் தப்பு. ஆறு ஏ பிள்ளைகளிடம் கற்றது.

லுக்ரேட்சியா பாம்பிலியுவைத்தான் சந்தேகப்படுகிறாள். அவரோடு பேசுவதில்லை. காலையில் எனக்கும் சேர்த்துக் காப்பி ஊற்றுகிறாள். "இந்த அறையில மனுஷன்னு ஒருத்தன் நீதான்டா."

7

வெள்ளிக்கிழமைகளை அவள் விடவில்லை. இப்போது முதலில் தன் தப்பை எழுதுகிறாள். போன வாரம் எழுதியது: "படத்தைச் சரிபார்க்காமல் எடுத்துப் போனேன்." யாரும் சிரிக்கவில்லையாம்.

"இந்த வாரம் நீ வாடா ஹொரியா. ஒரு தப்போட வா. நிஜமானதா இருக்கணும், இவங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

வந்திருக்கிறேன். சுண்ணக்கட்டி என் கையில். இருபத்தெட்டுப் பிள்ளைகள். முதல் வரிசையில் தச்சியானா. கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக அவள், நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு.

ஒரு சின்னத் தப்பும் தயாராக வைத்திருக்கிறேன். பழைய தப்பு, யாரையும் காயப்படுத்தாது, சமையலறை மேசையில் நடந்தது.

கரும்பலகையில் நான் எழுதியது எந்தத் தப்பு என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்குத் தலைப்புகளை இடுபவன் நான்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.