மேற்குப் பால்கனி

சுத்தியல் இறங்கியது. பொறியாளரின் இடது சுண்டுவிரல் தரையோடு நசுங்கியது.

"அடுத்தது மோதிர விரல், அண்ணி," என்றான் அவள் கொழுந்தன். கட்டட கான்ட்ராக்டர். "மோதிரம் எங்கண்ணன் போட்டது. பாத்துப் பேசுங்க."

"கொன்னாலும் விரிசல் இருக்குன்னு பொய் சொல்லமாட்டேன்டா. இந்தக் கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது."

பல்கலைக்கழக நூலகம். பூச்சில்லை, சாயமில்லை, வெறும் கான்கிரீட். வார்த்த பலகையின் வரிகள் இன்னும் சுவரில் இருந்தன. அவர்கள் இருந்த மாடிக்குக் கீழே தூணே இல்லாத வாசிப்புக்கூடம். படிக்க வருகிறவர்களைவிடப் படமெடுக்க வருகிறவர்கள் அதிகம். இன்று பிற்பகல் பாரம்பரியக் குழு வருகிறது. அவள் 'உறுதி' என்று சொல்லிவிட்டால் கட்டடம் பட்டியலில் ஏறிவிடும். இடித்துக் கட்டும் வேலை கொழுந்தன் கையைவிட்டுப் போய்விடும்.

"சரி, விரிசல நானே போட்டுக்கறேன்." அவளை நாற்காலியில் கட்டிவிட்டு, கூடத்துச் சாரத்தில் நின்ற கட்டர்காரனைப் பார்த்தான். "உத்தரத்த ஆழமா அறுடா. வர்றவங்க அண்ணாந்து பாத்தா அடிவயிறு கலங்கணும்."

"அறுக்காத! உள்ள இழுத்துக் கட்டின எஃகு வடம் இருக்கு! அறுந்தா முனை வழியா..."

அவள் வாயில் டேப்பை ஒட்டினான். "லைப்ரரில சத்தம் போடக்கூடாது, அண்ணி. படிச்சவங்களுக்கே சொல்லணுமா?"

கட்டர் அலறியது. வண்டி வருகிறதா என்று பார்க்க அவன் கைபேசியும் கையுமாக மேற்குப் பால்கனிக்குப் போனான். உத்தரத்தின் முனை சுவரைத் துளைத்துக்கொண்டு அங்கேதான் நெஞ்சு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் வாகாக முதுகைச் சாய்த்தான்.

வாசல் வழியாக அதைப் பார்த்த அவள் கண்ணாலும் தலையாலும் 'நகரு, நகரு' என்றாள். அவன் சிரித்தான். நாற்காலியோடு விழுந்து, புழுவாக நெளிந்து, பால்கனிவரை வந்து அவன் காலைத் தலையால் முட்டித் தள்ளினாள்.

"கடிக்க வேற வர்றீங்களா?" முகத்தில் ஓர் உதை. உருண்டு சுவரோரம் போய் விழுந்தாள்.

உள்ளே இரும்பு அறுபட்டது. இடி இடித்தது போல ஒரு சத்தம். உத்தரத்தின் முனை சிதறியது. எஃகு வடம் ஈட்டியாகப் பாய்ந்து, அவன் முதுகில் நுழைந்து நெஞ்சில் வெளியே வந்தது. கைபேசி இன்னும் கையில் இருந்தது. கால்கள் மட்டும் மடங்கின.

கட்டர்காரன் விழுந்தடித்து ஓடிவந்து டேப்பைப் பிய்த்தான். "யக்கா, கட்டடம் விழுந்துருமா?"

"மத்த வடமெல்லாம் தாங்கும். ஓடாத, கட்ட அவுரு!"

கட்டு அவிழ்ந்ததும் கொழுந்தனின் தலையை மடியில் எடுத்தாள். ஒடிந்த விரலோடு அவன் நெஞ்சை அழுத்தினாள். ரத்தம் நிற்கவில்லை.

"அண்ணி... விழலயா?"

"இல்லடா."

அவன் கண்கள் உத்தரத்திலேயே நின்றுவிட்டன.

கீழே கார்க் கதவுகள் சாத்தும் ஓசை. படியேறி வந்த குழுத் தலைவர் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். "கட்டடம்... ஆபத்தா?"

"உறுதியா இருக்கு. எழுதிக்கோங்க," என்றாள் அவள். பிறகு ரத்தக் கையால் கொழுந்தனின் கைபேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள்.