மூன்றடித் தண்ணீர்

குளத்துத் துருசு மதகின் இரும்புச் சக்கரத்தைப் பரமலிங்கம் கடைசிச் சுற்றுச் சுற்றி முடித்தபோது அடியிலிருந்து வந்த இரைச்சல் நின்றது. அவர் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் மெல்ல வடிந்து, சீமெந்துக் கரையில் ஒரு முழ உயரத்துக்கு ஈரம் தெரிந்தது. வறண்ட சோளகக் காற்றில் அந்த ஈரமும் பார்த்துக்கொண்டிருக்கவே காய்ந்தது.

"பூட்டிப் போட்டியோ?" அணைக்கட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓவசியர் செல்வநாயகம் கேட்டார்.

"பூட்டிப் போட்டன் ஐயா. ஆனா நாளைக்குச் செவ்வாய். கடைவாய்க்காலின்ரை முறை."

"வியாழக்கிழமை வரைக்கும் ஒருத்தருக்கும் முறை இல்லை. குளத்திலை எட்டடி நிக்கவேணும். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் எஞ்சினியர் ஐயா என்ரை தலையைத்தான் கேப்பார்."

ஆலங்கண்டல் குளத்தில் அந்த ஆண்டு சிறுபோக நெல்லுக்கு முறை வைத்தே தண்ணீர் கொடுத்தார்கள். முதல் வாய்க்காலுக்கு மூன்று நாள், இரண்டாம் வாய்க்காலுக்கு மூன்று நாள், கடைவாய்க்காலுக்குச் செவ்வாய் ஒரு நாள். பதினொரு வருடமாகத் துருசைத் திறப்பதும் பூட்டுவதும் பரமலிங்கத்தின் வேலை. இன்னும் நாட்கூலிதான்.

எஞ்சினியர்மாரின் சங்கம் அடுத்த வருடத் தொழில்நுட்ப மாநாட்டைக் கொழும்புக்கு வெளியே வைக்கப் போகிறது என்ற கதை சித்திரையிலேயே நீர்ப்பாசனக் கந்தோருக்கு வந்துவிட்டது. விரும்பும் ஊர்கள் விண்ணப்பிக்கலாம். அநுராதபுரத்துக்காரர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களிடம் பெரிய விடுதிகள் இருந்தன, பழைய குளங்கள் இருந்தன. இங்கே இருந்தவை பள்ளிக்கூட மண்டபமும், நாலு கட்டில் போட்ட சுற்றுலா பங்களாவும், ஊர் வாசலில் நின்றுபோகும் யாழ்ப்பாண ரயில்கோச்சியும்தான். மற்றது எஞ்சினியர் இரண்டு வருடத்துக்கு முன் துருசுக்குக் கீழே கட்டுவித்த அளவுத் தொட்டி. அதன் சுவரில் பதித்த அளவுகோலைப் பார்த்தால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கிடலாம். இலங்கையில் இப்படி ஒன்று வேறெங்கும் இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். மூன்றடி உயரத்தில் முழு ஓட்டமாக அது இயங்குவதை நேரிலே காணலாம் என்றும் எழுதியிருந்தார். முறைத் தண்ணீர் அதில் ஓரடிக்கு மேல் ஓடியதே இல்லை. மூன்றடி சில மணிநேரம் குறையாமல் ஓடக் குளத்தில் எட்டடி வேண்டும். சங்கத்திலிருந்து இடம் பார்க்க மூன்று பேர் வியாழக்கிழமை வருகிறார்கள்.

செவ்வாய் காலை எட்டு மணிபோல் விமலேஸ்வரி காய்ந்த வாய்க்காலுக்குள்ளாலேயே நடந்து வந்தாள். கடைவாய்க்காலின் கடைசிக் காணி அவளுடையது, மூன்று ஏக்கர். புருசன் ஐந்து மாதமாகக் காசநோய் ஆஸ்பத்திரியில். விதைப்பும் களையெடுப்பும் அவள் பாடுதான்.

"என்ன அண்ணை, துருசு பழுதோ?"

"பழுதில்லைத் தங்கச்சி. பூட்டச் சொல்லி ஓடர்."

"இண்டைக்கு எங்கடை முறையெல்லோ."

"கொழும்பாலை ஆக்கள் வருகினம். வியாழக்கிழமை வரைக்கும் குளத்திலை தண்ணி நிக்கவேணுமாம்."

"அவைக்கு அவ்வளவு தண்ணி விடாயோ?"

"குடிக்க இல்லை. பாக்க."

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தாள்.

"பாக்கிறதுக்கு எட்டடி. என்ரை பயிருக்கு நாலு விரற்கடை போதும் அண்ணை. கதிர் வாற நேரம், குடலை கட்டி நிக்குது. இந்தக் கிழமை தண்ணி காணாட்டி வாற கதிரெல்லாம் பதர்தான். பிறகு வைக்கோலைத்தான் அவிச்சுத் தின்னவேணும்."

"நான் ஓவசியரோடை கதைச்சுப் பாக்கிறன்."

"கதையுங்கோ. கதைக்கிறதுக்கு முறை வைக்கேல்லைத்தானே."

புதன்கிழமை ஓவசியர் தொட்டிச் சுவருக்கு வெள்ளையடிப்பிக்க வந்தபோது பரமலிங்கம் கேட்டார். செல்வநாயகம் கெட்ட மனிதர் அல்லர். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"எனக்கு விளங்காதோ? மாநாடு இஞ்சை வந்தா றோட்டுக்குத் தார் வரும், வாய்க்காலுக்குக் காசு வரும். உன்ரை பேரையும் நிரந்தரத்துக்கு முதல் ஆளாய் அனுப்புவன். ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு."

"அப்ப நாளைக்கு விடுற தண்ணியையாவது கடைவாய்க்காலுக்குத் திருப்புவம் ஐயா."

"மூண்டடி போனா அந்தக் கரை தாங்குமோ? ரெண்டாம் மைல்கட்டையிலை கரையை நண்டு அரிச்சுக் கிடக்கு. திருத்தச் சொல்லி ரெண்டு வருசமாய் எழுதுறன். அவை வந்த நேரம் உடைஞ்சா முடிஞ்சுது. வளைவிலை இருக்கிற கழிவுக் கதவைத் திறந்துவிடு. ஆத்தோடை போகட்டும்."

"எல்லாமோ ஐயா?"

"எல்லாம்."

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பரமலிங்கம் முதலில் வளைவுக்குப் போய்க் கழிவுக் கதவைத் தூக்கினார். திரும்பி வந்து துருசைத் திறந்தார். தொட்டியில் தண்ணீர் ஓரடி, இரண்டடி என்று ஏறி, மூன்றடிக் கோட்டில் நின்று உறுமியது. கால்மணிக்கு ஒரு தடவை அளவைப் பார்த்து வாசிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினார். மூன்று. மூன்று. மூன்று. வளைவுக்கு அப்பால் மூன்று மாதமாக மணலாய்க் கிடந்த ஆறு கலங்கி ஓடியது. எங்கிருந்தோ வந்த எருமைகள் அதில் இறங்கிப் படுத்தன.

ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தவர்கள் பன்னிரண்டுக்குத்தான் வந்தார்கள். பங்களாவில் காலைச் சாப்பாடு பிந்திவிட்டதாம். இரண்டு ஜீப், மூன்று பெரியவர்கள், எஞ்சினியர், ஓவசியர். ஒருவர் குனிந்து அளவுகோலைப் பார்த்துத் தலையாட்டினார். இன்னொருவர் வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் காட்டி இங்கிலீசில் ஏதோ கேட்டார். பரமலிங்கத்துக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் பதில் சொன்ன ஓவசியரின் கை கிழக்கே வயற்பக்கம் நீண்டது தெரிந்தது. தண்ணீர் மேற்கே போய்க்கொண்டிருந்தது. எஞ்சினியர் படமெடுத்தார். பத்து நிமிடத்தில் ஜீப்புகள் போய்விட்டன.

ஒரு மணிக்குப் பூட்டச் சொல்லி ஆள் வந்தது. பூட்டிவிட்டுப் பார்த்தபோது குளத்தில் ஏழடி ஐந்து அங்குலம் நின்றது.

பின்னேரமே முதல் வாய்க்காலுக்கு முறை தொடங்கியது. சனிக்கிழமை அந்த வாசிப்புப் புத்தகத்தைக் கொடுக்கப் பரமலிங்கம் கந்தோருக்குப் போனபோது, விமலேஸ்வரி ஓவசியரின் மேசைக்கு முன் நின்றாள். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு நெற்கற்றை. மேசையில் விண்ணப்பத் தாள்கள் கட்டிய கோவையும், யாழ்ப்பாணத்தில் கழுவுவித்துக் கொண்டுவந்த படங்களும் இருந்தன. மாலைக் கோச்சியில் அவை கொழும்புக்குப் போகவேண்டும்.

"போன செவ்வாய் முறையைத் தாங்கோ ஐயா. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

செல்வநாயகம் பரமலிங்கத்தின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி விரித்தார்.

"தந்தாச்சே. வியாழக்கிழமை எட்டு மணியிலை இருந்து ஒரு மணி வரைக்கும், மூண்டடி. எஞ்சினியர் ஐயா கணக்குப் பாத்துக் கோவையிலை உங்கடை வாய்க்காலின்ரை பேரிலைதான் போட்டிருக்கிறார். மூண்டடியிலை ஓரடியைப் போல அஞ்சு மடங்குக்கு மேலை ஓடும்; ஓரடியிலை ஒரு நாள் முழுக்க ஓடுற தண்ணியை விட ரெண்டு மணித்தியாலம் கூட."

"என்ரை வரம்புக்கு ஒரு சொட்டு வரேல்லை."

"தொட்டியாலை போயிருக்கே. இந்தா, எழுத்திலை இருக்கு."

அவள் பரமலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஆரின்ரை எழுத்து?"

"என்ரைதான்," என்றார் பரமலிங்கம். "ஐயா, அந்தத் தண்ணி வயலுக்குப் போகேல்லை. கழிவாலை ஆத்துக்குப் போனது. நீங்கள் சொல்லித்தான் திறந்தனான். உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். புத்தகத்திலை எங்கை இருக்கு?"

"அதிலை கழிவுக்கு இடமில்லை ஐயா."

"கழிவுக் கதவிலை அளவுகோலும் இல்லை. அளக்காத தண்ணியை நான் எப்பிடி எழுதிறது?" செல்வநாயகம் குரலைத் தாழ்த்தினார். "பரமலிங்கம், நிரந்தரத்துக்கு உன்ரை பேர் இந்தக் கோவையோடைதான் போகுது. யோசிச்சுக் கதை."

"யோசிச்சுத்தான் ஐயா கதைக்கிறன். அந்த அஞ்சு மணித்தியாலத்தை வெட்டிவிடுங்கோ. இல்லாட்டி நான் வெட்டுறன்."

"வெட்டினா மாநாட்டுக்குக் காட்டுறதுக்கு என்ன இருக்கு?"

பரமலிங்கம் புத்தகத்துக்குக் கையை நீட்டினார். ஓவசியர் அதை மூடி மேசை லாச்சிக்குள் வைத்துத் திறப்பைத் திருகிப் பூட்டினார்.

"அடுத்த செவ்வாய் உங்கடை முறை வரும்," என்றார் அவளிடம்.

"அடுத்த செவ்வாய் தண்ணி விட்டு, வைக்கோலை நனைக்கிறதோ?" விமலேஸ்வரி கையிலிருந்த கற்றையை மேசையில் வைத்தாள். இலைகள் ஈர்க்காய்ச் சுருண்டிருந்தன. வேரோடு வந்த மண் கல்லாக இறுகியிருந்தது. மேசையில் பட்டதும் அது வெடித்து, பொடியாகி நாலு பக்கமும் சிதறியது.

வெள்ளைச் சுவரும் மூன்றடித் தண்ணீருமாக மேலே கிடந்த படத்தைச் செல்வநாயகம் சட்டென்று எடுத்தார். அதில் விழுந்திருந்த மண்ணை, கீறல் விழாதபடி, மெதுவாக ஊதினார்.