வியாழக்கிழமைக்காரர்கள்

பதினொன்று இருபதுக்கு நயினாரின் கையில் கான்ஸ்டபிள் பேனாவைத் திணித்தார்.

காகிதம் மராத்தியில் இருந்தது. கான்ஸ்டபிள் அதை இந்தியில் படித்துச் சொன்னார். இறந்தவர் பெயர் முத்துமாரி. வயது நாற்பத்தெட்டு. தாராவியில் ஆறு பால்வாடிகள் நடத்தும் சங்கத்தின் தலைவி. காலை எட்டே முக்காலுக்குப் பால்வாடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. கணவருக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை.

"பஹ்லே ஸே குச் தக்லீஃப்? பிபி, ஷுகர், ஹார்ட்?" முன்பே ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார்.

"குச் நஹி சாப்."

"டாக்டர் கா காகஸ்? குச் பி?"

காகிதம் ஏதாவது இருந்தால் பெரிய டாக்டரிடம் காட்டிப் பார்க்கலாம், சில சமயம் அறுக்காமலே கொடுத்துவிடுவார்கள் என்றார் கான்ஸ்டபிள். இல்லாவிட்டால் போஸ்ட்மார்ட்டம்தான்.

நயினார் யோசித்துப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். முத்துமாரி காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு அவர் பார்த்தது இரண்டு தடவை.

"நஹி ஹை சாப்."

பக்கத்தில் ஃபர்ஸானா நின்றிருந்தாள். குர்லாவில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சென்டர் நடத்துகிறவள். முத்துமாரியின் தோழி. நயினாருக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஃபோனை எடுத்து எதையோ வேகமாகத் தட்டினாள்.

"அண்ணே, கையெழுத்து கொஞ்சம் பொறுத்துப் போடலாமா?"

"எதுக்கும்மா?"

அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கான்ஸ்டபிள் கடிகாரத்தைப் பார்த்தார். நயினார் கையெழுத்துப் போட்டார். விரலில் இருந்த மெஷின் எண்ணெய் காகிதத்தின் ஓரத்தில் பட்டது.

வெளியே பெஞ்சில் அவருடைய அக்கா முப்பிடாதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோபர்கைரனேயிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருந்தாள்.

"என்னலே சொல்லுதான் போலீசு?"

"அறுக்கணுமாம்."

"அறுக்கவா? அவ என்னல குத்தம் செஞ்சா?"

"காகிதம் இருந்தா வேண்டாமாம்."

"என்ன காகிதம்?"

"டாக்டர் காகிதம். அவதான் டாக்டர்கிட்டயே போனதில்லயே."

முப்பிடாதியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஃபர்ஸானா பெஞ்சின் அடுத்த முனையில் உட்கார்ந்தாள். அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. படித்தாள். அதைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

நயினாருக்கு திடீரென்று லேத் மெஷின் ஞாபகம் வந்தது. காலையில் ஃபோன் வந்ததும் குர்லா பட்டறையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். பட்டறையில் கூட வேலை செய்யும் சுரேந்திரனை ஃபோனில் கூப்பிட்டார்.

"மெஷினை நிப்பாட்டினேனாப்பா?"

"நான் நிப்பாட்டிட்டேண்ணே. அண்ணி எப்பிடி இருக்காங்க?"

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான், அவன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

யாரோ டீ வாங்கிவந்தார்கள். அவர் குடித்தார். சூடு தெரியவில்லை.

ஃபர்ஸானாவை அவருக்கு நான்கு வருஷமாகத் தெரியும். ஆனாலும் அவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் வேறு. வியாழக்கிழமைக்காரி. மாட்டுங்காவில் ஒரு மாடி அறை. வியாழன் தோறும் மூன்றிலிருந்து ஐந்து வரை. சின்னச் சின்ன அமைப்புகள் நடத்துகிற ஆறு பேர், முத்துமாரியும் ஃபர்ஸானாவும் உட்பட, வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஜெயராம் என்று ஒருவர், கம்பெனியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதை நடத்தினார்.

"அப்பிடி என்னதான்டி பேசுவிய?" என்று ஆரம்பத்தில் ஒரு நாள் முத்துமாரியிடம் கேட்டார்.

"அங்க பேசினது அங்கயே. வெளிய சொல்லக் கூடாது."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான்."

"சிபிஐ ஆபீசுல்லா நடத்துதிய."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். "எனக்குக் கீழ இருவது டீச்சர் இருக்காவ. அவங்ககிட்ட நான் பயந்து போயிருக்கேன்னு காட்ட முடியுமா? எங்களைப் பாக்க வாற பெரிய ஆளுககிட்ட காட்ட முடியுமா? என்னை மாதிரி மாட்டிக்கிட்ட ஆளுககிட்டதான் சொல்ல முடியும்."

"நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"நீங்க பதறிருவிய."

அங்கே யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாதாம். கேள்வி மட்டும்தான் கேட்கலாம். பதில் அவரவருக்கு உள்ளேயே இருக்கும், கேட்டால் வெளியே வரும் என்றாள். ஒரு தடவை பட்டறை மேஸ்திரியைப் பற்றி நயினார் சாப்பாட்டு நேரத்தில் புலம்பியபோது, "அவன் சொன்னதுல உங்களுக்கு எது வலிக்கி?" என்று கேட்டாள். "ஏட்டி, மாட்டுங்காவை மாட்டுங்காவுலயே வச்சுக்க. இங்க மீன் கொழம்பை ஊத்து" என்றார். அதற்குப் பிறகு பல நாள், சோற்றைப் போட்டுவிட்டு, "கொழம்பு உங்களுக்கு என்னவா இருக்கு?" என்று கேட்டு அவரைச் சீண்டினாள்.

வியாழக்கிழமை இரவுகளில் அவள் நன்றாகத் தூங்கினாள். அது போதும் என்று அவருக்குத் தோன்றியது.

இன்று செவ்வாய்க்கிழமை.

இரண்டே முக்காலுக்கு உடலைக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் முகம் மட்டும் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே துணியில் ஒரு தையல் கோட்டின் ஈரம் ஊறியிருந்தது. முப்பிடாதியம்மாள் அதைத் தன் முந்தானையால் மூடினாள். ஃபர்ஸானா சுவரில் கை ஊன்றி நின்றாள். ஹார்ட் அட்டாக் என்று டாக்டர் சொன்னார். பழைய அடைப்பு, மூன்று இடத்தில். உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் நயினார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் அன்று முழுக்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் சொன்னார். தாராவியில் சந்து முனையில் கூடியவர்களிடம் சொன்னார். சந்து குறுகலானது, உடலைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் கொண்டுவர முடிந்தது. அப்போதும் யாரோ கேட்டார்கள். தெரியாது. அவளுக்காவது தெரிந்திருந்ததா? தெரியாமலே போனாளா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும் போலிருந்தது.

"தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாளா?" என்றாள் முப்பிடாதியம்மாள். "ஊரு பிள்ளையளுக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சவ. தனக்குன்னு என்னத்தப் பாத்தா? நெஞ்சு வலிச்சாலும் கேஸுன்னு சோடா குடிச்சிருப்பா."

"ஆமா" என்றார். தெரியாமல் போனாள். அப்படியே இருக்கட்டும்.

சயான் சுடுகாட்டில் ஐந்து மணிக்குள் முடிந்தது. ஜெயராம் அங்கே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. தள்ளி நின்றார். நயினார் அவரை அன்றுதான் முதல் தடவை பார்த்தார்.

ஆறு மணிக்கு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நயினார் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்தார். எதிரே ஜெயராம். பெண்கள் உள்ளே இருந்தார்கள்.

"மிஸ்டர் நயினார்" என்றார் ஜெயராம். "இப்போ உங்களுக்கு என்ன வேணும்னு தோணறது?"

நயினார் அவரைப் பார்த்தார். கேள்வி புரிந்தது. எதற்காகக் கேட்கிறார் என்பதுதான் புரியவில்லை.

"டீ சொல்லட்டுமா சார்?"

"நோ, நோ. எனக்கு வேண்டாம்."

பால்வாடி டீச்சர் பானுமதி வந்தாள். கண் வீங்கியிருந்தது. முத்துமாரியின் கைப்பையை நீட்டினாள்.

"பீரோவுக்குள்ள வச்சிருந்தாங்க. காலைல அந்த அவசரத்துல மறந்துட்டேன். பூட்டிட்டு வந்துட்டேன், சார்."

அவர் பையை மடியில் வைத்துத் திறந்தார். வீட்டுச் சாவியைத் தேடினார். சாவிக்குக் கீழே ஒரு நீளமான தாள் மடித்து வைத்திருந்தது. பிரித்தார். ரோஸ் நிறம். சின்னச் சின்னக் கட்டங்கள். பின்பக்கம் இங்கிலீஷில் ஏதோ எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. நயினாருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். டாக்டர் கையெழுத்தைக் கூட்ட முடியவில்லை. பழையபடி மடித்து நீட்டினார்.

"சார், இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

ஜெயராம் வாங்கிக்கொண்டார். கையில் வைத்திருந்தார்.

"பத்தாம் தேதி எடுத்தது" என்றார்.

தாள் மடித்தபடியே இருந்தது.

நயினார் மடிப்பைப் பார்த்தார். ஜெயராமைப் பார்த்தார்.

"பிரிக்கவே இல்லையே சார்."

ஜெயராம் அப்போதுதான் தன் கையைக் குனிந்து பார்த்தார். மெதுவாகப் பிரித்தார். திருப்பினார்.

"ஈசிஜி. இன்னிக்கே அட்மிட் ஆகணும்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"இன்னிக்கா?"

"பத்தாம் தேதி."

சந்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நாற்காலியை நகர்த்தி வழி விட்டார்கள். சைக்கிள் போனதும் நயினார் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

ஜெயராம் கண்ணாடியைக் கழற்றினார். "வட்டத்துல பேசினது. நான் அதை…"

"அண்ணே, நான் சொல்றேன்." ஃபர்ஸானா வாசலில் நின்றாள்.

"ஃபர்ஸானா" என்றார் ஜெயராம்.

"இன்னும் என்ன சார்? அவ போயிட்டா." அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "போன வியாழக்கிழமை சொன்னாண்ணே. இடது கை இழுக்குதுன்னு. ஈசிஜியைக் காட்டினா. டெல்லியிலிருந்து பணம் குடுக்கிறவங்க இருவத்தி நாலாம் தேதி பால்வாடியெல்லாம் பாக்க வர்றாங்க, அது முடியட்டும்னா."

"காலைல போலீஸ் கேக்கும்போது நீ பக்கத்துலதான நின்ன."

"நின்னேன்."

"அறுக்கப் போறாவன்னு தெரியும்லா."

"சார்கிட்ட மெசேஜ் போட்டேண்ணே. சொல்லலாமான்னு." அவள் ஜெயராமைப் பார்க்கவில்லை. "நாங்க அப்படித்தான். வெளிய சொல்லணும்னா முதல்ல கேக்கணும்."

"என்ன பதில் வந்துச்சு?"

ஃபர்ஸானா ஃபோனை எடுத்தாள். எடுத்தவள் படிக்கவில்லை. ஜெயராம்தான் சொன்னார். மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முத்துமாரி அனுமதி குடுத்திருக்காங்களான்னு கேட்டேன்."

நயினார் ஃபர்ஸானாவின் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார்.

"வழக்கமா அப்படித்தான் கேப்பேன்" என்றார் ஜெயராம். "கை தானா எழுதிடுத்து. அனுப்பினதுக்கப்புறம்தான்…"

உள்ளேயிருந்து முப்பிடாதியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னலே அங்க?"

"ஒண்ணுமில்லக்கா. உள்ள போ."

நயினார் ஈசிஜித் தாளை வாங்கி மறுபடி மடித்தார். மடிப்பு பழைய கோட்டில் விழவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

"வியாழக்கிழமை அவ சொன்னாள்ல. நீங்க என்ன செஞ்சிய?"

"கேள்வி கேட்டோம்" என்றாள் ஃபர்ஸானா. "ஒருத்தர், உனக்கு எது முக்கியம்னு கேட்டாங்க. இன்னொருத்தர், உன் உடம்பு உங்கிட்ட என்ன சொல்லுதுன்னு கேட்டாங்க. நான், நீ யார்கிட்ட முதல்ல சொல்லப் போறேன்னு கேட்டேன்."

"யார்கிட்டன்னா?"

"உங்ககிட்டன்னு சொன்னா. இருவத்தி நாலாம் தேதி சாயங்காலம் உங்ககிட்ட சொல்லிட்டு, மறுநாள் அட்மிட் ஆவேன்னு சொன்னா. அதுதான் என் முடிவுன்னு சொன்னா."

"அப்புறம்?"

ஃபர்ஸானா துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"அப்புறம் என்னம்மா?"

"கை தட்டினோம்."

"எதுக்கு?"

"யாராவது முடிவு சொன்னா எல்லாரும் கை தட்டணும். அது எங்க வழக்கம்ணே. அவளும் சேர்ந்து தட்டினா. சிரிச்சா."

நயினார் தலையை ஆட்டினார். புரிந்தது போல ஆட்டினார். பக்கத்து வீட்டில் டிவியை யாரோ போட்டார்கள், உடனே அணைத்தார்கள். அவர் வாசல்படியில் இருந்தவளைப் பார்த்தார். எதிரே இருந்தவரைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஆறு பேரு இருந்திருக்கிய. இப்பமே எந்திரிட்டி, ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரு ஆளுகூடவா சொல்லல?"