மூன்றாம் முறை படித்த ஓலை

கதிரவன் முகங்காட்டாத விடியற்பொழுதில், இரவெல்லாம் பெய்த மழை கழுவிய கூரைகள் பழைய வெள்ளிக் கலங்களைப்போல் மங்கி ஒளிர, ஆற்றின் இக்கரையில் அமைந்த அச்சிறு நகரம், புத்தாடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கிப்போன குழந்தையைப்போல் அமைதியாகக் கிடந்தது. கடைகளின் மரக்கதவுகள் சாத்தியிருந்தன. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டிருந்தன. பாலத்தின்மேல் வெள்ளம் ஏறியதால் முந்திய மாலைமுதல் நிலையத்தில் நின்றுவிட்ட நெடிய தொடர்வண்டி, படுத்த யானையைப்போல் அவ்வப்போது பெருமூச்செறிந்தது. கிறித்துப் பிறப்புத் திருநாள் அவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வாய்த்திருந்தது. அறிவுடையீர், அதனைச் சற்றே நினைவில் வைப்பீராக. ஒரு பெண்ணின் வாழ்வு திசைமாறியதற்கு அந்நாட்பொருத்தமும் ஒரு காரணமாயிற்று.

அவ்வண்டியிலிருந்து இறங்கித் தங்கும் விடுதியில் இரவைக் கழித்தவருள் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தனர். தங்கை நூற்கட்டுப் பட்டறை ஒன்றில் கிழிந்த நூல்களைத் தைத்தும் ஒட்டியும் அட்டையிட்டும் பிழைப்பவள், முப்பத்திரண்டு அகவையினள், பசை காய்ந்து காய்ந்து விரல்நுனிகளில் கோடுகள் மறைந்துபோனவள். அண்ணன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவன். எவருடைய கையெழுத்தைக் காட்டினாலும் அதனை அச்சுப்போலப் பலகையில் ஏற்றிவிடும் கைவண்மையும், எந்தத் துயரத்தையும் நகைச்சொல்லால் தட்டிவிடும் நாவன்மையும் அவனுக்கு உண்டு. மனைவியை இழந்த அவனுடைய மூன்று பிள்ளைகளையும் ஐந்தாண்டுகளாக வளர்த்து ஆளாக்கி வந்தவள் அத்தங்கையே.

அவளுக்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவன் ஒருவனோடு மணம் உறுதியாகி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் சற்றே வளரட்டும் என்று அவள் தவணை கேட்க, அவனும் முகம் சுளிக்காமல் காத்திருந்தான். பின்னர் ஆற்றுக்கு அப்பாலுள்ள பெருநகரில் வேலை கிடைத்துப் போனான். பிரிந்த நாளில் இருவரும் ஓர் உறுதி செய்துகொண்டனர். எங்கிருந்தாலும் திருநாள் விடியலில் பழைய முறை வழிபாட்டுக்குச் செல்வது. அனைவரும் மண்டியிட்டுப் பிழைபொறுக்க வேண்டும் நெடிய மன்றாட்டின்போது ஒருவர் மற்றவர்க்காக வேண்டிக்கொள்வது. புதுமுறை வழிபாடுகள் அம்மன்றாட்டை விட்டுவிட்டன. ஆதலால் பழைய முறைக் கோயிலைத் தேடுவது அவளுக்கு வெறும் விருப்பமன்று, கொடுத்த சொல்.

திங்கள்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்த அவன் மடல்கள் நான்கு திங்களாக வரவில்லை. மழைக்காலத்தில் மடல்கள் வழியில் தங்கிவிடும் என்றான் அண்ணன். கடிகாரக்காரனுக்கு நேரம் கிடைக்காதது புதுமையா என்று சிரிக்கவும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நேரில் சென்று காண்பேன் என்று ஒரே பிடியாய் நின்றாள். அண்ணன் தானும் வருவதாகச் சொல்லி, ஊர் ஊராய் நின்று போகும் வண்டியில் இடம் எடுத்தான். ஆற்றின் இக்கரையிலுள்ள அச்சிறு நகரில் வண்டி நின்றுவிட்டது என்று கேட்டபோது அவன் முகம் நனைந்த துணியைப்போல் தொங்கிப்போனது. நெடும்பயணத்தின் களைப்பு என்று அவள் எண்ணினாள்.

நிலையத்தின் எதிரிலேயே ஒரு பெரிய கோயில் இருந்தது. அண்ணன் அவளை அங்கே அழைத்துச் சென்றான். வண்ண விளக்குகள் கண்சிமிட்டின, முழவுகள் அதிர்ந்தன, மணமக்கள் பெயர்களும் மற்ற அறிவிப்புகளும் வாயிலருகே பலகையில் ஒட்டப்பட்டு மழைச்சாரலில் ஊறியிருந்தன. மண்டியிடும் மணை ஒன்றுகூட இல்லை. அவள் மெல்ல வெளியே வந்தாள். "கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேட்கும். பழைய ராகத்துலதான் கூப்பிடணும்னு அவர் அடம் பிடிக்க மாட்டாரு, நீதான் பிடிக்கிற" என்றான் அண்ணன், பின்னாலேயே வந்து.

அவள் தெருக்கூட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தியிடம் சென்று, பழைய முறை வழிபாடு நடக்கும் கோயில் எங்கே என்று கேட்டாள். அப்பெண் துடைப்பத்தை நிலத்தில் ஊன்றி, அதன்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, "மணிக்கூண்டுக்குப் பின்னால ஒண்ணு இருக்கும்மா. ரெண்டு மணி நேரம் ஆகும், முட்டி கழண்டுடும். தெரிஞ்சுதானே கேட்கிறீங்க?" என்றாள். தெரிந்துதான் கேட்பதாகச் சொன்னவள் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒரு முறுவல் எழுந்தது. அண்ணனுக்கோ அக்கணமே கால்விரலில் வலி கண்டது. வண்டி புறப்பட்டுவிடும் என்றான்; மழை வரும் என்றான்; விடுதி அறையின் பூட்டு சரியில்லை என்றுங்கூடச் சொன்னான். காரணங்கள் பெருகப் பெருக அவள் நடையும் விரைந்தது. நொண்டுவதை மறந்து அவனும் பின்தொடர்ந்தான்.

குறுகிய சந்துகளைக் கடந்து, மணிக்கூண்டின் நிழலைத் தாண்டி, பாசிபடர்ந்த சுற்றுமதிலுக்குள் நின்ற அச்சிறு கோயிலை அவள் கண்டபோது, நெடுநாள் தொலைந்த ஊசியைத் தன் மடியிலேயே கண்டெடுத்தவள்போல் உள்ளம் குளிர்ந்தாள். உள்ளே மெழுகின் மணமும் ஈரக் குடைகளின் மணமும் கலந்திருந்தன. துருத்தியால் இயங்கும் பழைய இசைப்பெட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே பாட்டை ஏற்றிச் சென்றது. இருக்கையில் கிடந்த வழிபாட்டு நூலின் முதுகு பிரிந்திருக்க, அவள் விரல் தானாகவே அப்பிரிவைத் தடவி, எத்தனை தையல் விட்டுப்போயிற்று என்று எண்ணியது. அண்ணன் தூணின் மறைவில் அமர்ந்தான். அவள் கடைசி வரிசையில் மண்டியிட்டு, அந்நெடிய மன்றாட்டில் ஒரு சொல்லும் விடாமல், தொலைவில் இருப்பவனுக்காக வேண்டிக்கொண்டாள். அவன் நலமாய் இருக்க வேண்டும் என்றாள். அவன் உள்ளம் மகிழ வேண்டும் என்றாள். அவ்வேண்டுதல் முன்பே நிறைவேறிவிட்டதை அவள் அறியாள்.

மறைநூலின் இரண்டாம் வாசகம் முடிந்ததும், முதிய அடிகளார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மணவோலை படிக்க எழுந்தார். மணம் செய்யவிருப்போர் பெயரை மூன்று ஞாயிறுகளில் அவையறியப் படித்துத் தடை உண்டா என்று கேட்கும் பழைய வழக்கம் அக்கோயிலில் இன்னும் இருந்தது. "மூன்றாம் முறையாகவும் இறுதி முறையாகவும்" என்று தொடங்கி, அவ்வூர்த் துணிக்கடைக்காரரின் மகள் பெயரைச் சொன்னார்; பின்னர் மணமகன் பெயரைச் சொன்னார்; அவன் தந்தை பெயரையும், அவன் பிறந்த ஊரையும், கடிகாரம் பழுதுபார்க்கும் அவன் தொழிலையும் சொன்னார். அவள் ஏழாண்டுகளாகத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்த பெயர் அது. மழைநாளில் சுவரோரம் ஊறும் நீரைப்போல, அச்சொற்கள் முதலில் ஓசையின்றி உள்ளே புகுந்து, பின்னரே சில்லிட்டன.

தடையறிந்தவர் இப்போதே எழுந்து கூறுக என்றார் அடிகளார். எழ வேண்டும் என்று எண்ணி அவள் எழவில்லை, கால்கள் எழுந்துவிட்டன. அவையின் தலைகளெல்லாம் காற்றில் திரும்பும் கதிர்களைப்போல் ஒருசேரத் திரும்பின. முன்வரிசையில் அவனும் திரும்பினான். அகப்பட்டுக்கொண்டவன் முகத்தை அவள் எதிர்பார்த்தாள். ஆனால் அம்முகத்தில் கண்டது நன்றி. வாழ்த்த வந்தவளை வரவேற்பவன்போல் அவன் தலைதாழ்த்தினான். "கேட்கணும், ஐயா. தனியா" என்று மட்டும் சொன்னாள். வழிபாடு முடிந்தபின் பக்கத்து அறைக்கு வருமாறு அடிகளார் கனிவுடன் பணித்தார். எஞ்சிய பாடல்கள் எவையென்று அவளுக்குத் தெரியாது.

வெள்ளங்கிகள் முளைகளில் தொங்கிய அச்சிற்றறையில், ஒற்றைச் சாளரத்தின் கீழ் அவளும் கடிகாரக்காரனும் அடிகளாரும் நின்றனர். அண்ணன் மட்டும் வாயிற்படியை விட்டு உள்ளே வரவில்லை. கடிகாரக்காரனே முதலில் பேசினான். "நீ வருவேன்னு நினைக்கவே இல்ல. உன் மடலைப் படிச்சப்பவே அழுதுட்டேன். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

"எந்த மடல்?" என்றாள் அவள்.

அடிகளார் பதிவேட்டின் இடையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். முன்னர் ஒருத்திக்கு உறுதிசொன்னவனுக்கு அவள் இசைவின்றி ஓலை படிக்கலாகாது என்று தாமே கேட்டு வாங்கி வைத்ததாகச் சொன்னார். மடல் சுருக்கமாய் இருந்தது. 'உங்கள் மடல் கிடைத்தது. உங்கள் மனம் வேறொருத்தியை நாடியதில் எனக்கு வருத்தமில்லை. அண்ணன் பிள்ளைகளே எனக்குப் போதும். இனி எழுத வேண்டாம்.' எழுத்து அவளுடையதைப் போலவே இருந்தது. வால்களின் வளைவும் அவளுடையதே. தாளும் நூல்களின் முன்னும் பின்னும் ஒட்டுவதற்காக அவள் தன் கையால் வெட்டிவைத்த தடித்த தாளே. அவள் அதனைச் சாளரத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு வரியின் அடியிலும் மயிரிழைபோல் ஒரு பள்ளம் தெரிந்தது. கரிக்கோலால் நேர்க்கோடு இட்டு, அதன்மேல் எழுத்துகளை நிறுத்தி, பின்னர்க் கோட்டை அழித்திருந்தனர். பெயர்ப்பலகை எழுதுவோர் கோடிடாமல் ஓர் எழுத்தும் எழுத மாட்டார்கள். அது கைப்பழக்கம்.

அவள் முதலில் கடிகாரக்காரனை நோக்கினாள். "என் எழுத்து மலை ஏறுதுன்னு எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கீங்க. இது சமதரையில போகுதே. பார்க்கலையா?"

மயிரிழை அளவுள்ள பற்சக்கரத்தின் தேய்வையும் கண்டுபிடிக்கும் கண்கள் நிலத்தை நோக்கின. அவன் பார்த்திருந்தான்; பார்த்ததை நம்பாதிருப்பது அன்றைக்கு அவனுக்கு எளிதாய் இருந்தது. அவ்வளவே.

பின்னர் வாயிற்புறம் திரும்பினாள். "அவர் எனக்கு எழுதினது எங்கே, அண்ணா?"

"கிழிச்சுட்டேன். அப்புறம் நீ போடச் சொன்ன மடல்களையும் போடல." நகைச்சொற்களின் தலைவனாகிய அவன் அன்று நகை கலவாமல் பேசினான். "இதை அனுப்பினா நீ இங்கேயே இருப்பேன்னு நினைச்சேன். பிள்ளைங்க உன்னைத்தான் அம்மான்னு கூப்பிடுறாங்க. அவன் எப்படியும் போயிட்டான். நீ அழுதுக்கிட்டே எழுதப் போறதைத்தான் நான் எழுதினேன்."

"அழுதுதான் எழுதியிருப்பேன். ஆனா நான் எழுதியிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "அங்கே போய்ச் சேர்ந்ததும் என்ன சொல்றதா இருந்தீங்க?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெண்ணின் ஊரும் திருமண நாளும் அம்மடலிலேயே இருந்தனவாம். மறுநாள் நடக்கவிருந்த அத்திருமணம் முடிந்தபின் சென்று சேர்வதற்காகவே ஊர்ந்துபோகும் வண்டியைத் தேர்ந்தானாம். அவன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று சொல்லித் தேற்றி, வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தானாம். தான் சாய்ந்து அழுவதற்கென்று எந்தத் தோளை இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தாளோ, அந்தத் தோளே அழுகையையும் முன்கூட்டி அளந்து வைத்திருந்ததை அறிந்தபோது, அவளுக்கு அழுகையே வரவில்லை.

இந்த ஓலையை நிறுத்துவதா நிலைக்க விடுவதா என்பது இனி அவள் கையில் என்றார் அடிகளார். சாளரத்துக்கு வெளியே, எதையும் அறியாத மணப்பெண் தோழியரோடு சிரித்துக்கொண்டு நின்றாள். ஏழாண்டுகள் அவள் உள்ளங்கையில் ஒரு கணம் கனத்தன. பின்னர் ஒரு வெற்றுத்தாள் கேட்டு வாங்கினாள். கோடிடாமல், நின்றபடியே எழுதினாள். 'எனக்குத் தடை இல்லை.' மூன்றே சொற்கள். இடப்பக்கம் தாழ்ந்து தொடங்கி, வலப்பக்கம் உயர ஏறிச் சென்றன. அதனை அடிகளாரிடம் கொடுத்தாள். பழைய மடலை நான்காய் மடித்து அண்ணனிடம் நீட்டி, "இது உங்களோடது" என்றாள்.

உச்சிப்பொழுதில் வெள்ளம் வடிந்தது. ஊர் திரும்பும் வண்டியில் அண்ணன் சாளரத்தோர இடத்தில் தன் மேல்துண்டை விரித்து அவளுக்காக வைத்திருந்தான். அவள் ஏறவில்லை. வடக்கே செல்லும் வண்டிக்குச் சீட்டு எடுத்திருந்தாள். பிரிந்த நூல்கள் எந்த ஊரிலும் இருக்கும். "பிள்ளைங்களுக்கு நானே எழுதுறேன். என் எழுத்து அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி நடந்தாள். அண்ணா என்று அவள் அழைக்கவில்லை. அவ்விடைவெளியை அவன் காதுகள் நன்றாகவே கேட்டன.

வண்டிகள் இரண்டும் இருதிசையிற் பிரிந்தன. மணிக்கூண்டும் கோயிலும் மழைத்திரையில் மறைந்தன. பகைவர் இழைக்கும் தீங்குக்கு ஒரு முகம் உண்டு; அதனைப் பார்த்துச் சினந்து ஒருநாள் ஆறிவிடலாம். அன்புடையோர் நம் நன்மை என்று சொல்லி, நம் கையெழுத்திலேயே நம் வாழ்வை எழுதிவிடும்போது, யாரை நோக்கிச் சினப்பது? கோட்டை அழிக்க எவராலும் இயலும். தாளில் அது அழுந்திய தடமோ, சாய்த்துப் பிடித்த ஒளியில் என்றும் தெரிந்துகொண்டே இருக்கும்.